புளியங்கொட்டையில் ஒரு புள்ளலூர் யுத்தம்

தண்டலத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சாலை பிரிகிறது. பேரம்பாக்கம், தக்கோலம் வழியாக அரக்கோணம் போகும் சாலை அது. லாரிகளும், தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்களும் அதில் ஓடுகின்றன. வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. இந்த ஒரு சாலையில் இரண்டு போர்க்களங்கள் இருக்கின்றன!

தக்கோலத்தில் 949-ம் ஆண்டு சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மீது இருந்தபடியே உயிர் விட்டான். அது பழைய கதை. பேரம்பாக்கத்துக் கதை அவ்வளவு பழையது அல்ல. 1780-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, அங்கே ஒரு கும்பினிப் படையைத் திப்பு சுல்தான் மறித்தார். நான்கு நாள் கழித்து, காஞ்சீபுரம் போகும் வழியில் புள்ளலூரில் அந்தப் படை அடியோடு அழிந்தது.

அந்த நான்கு நாட்களும் இன்னொரு பெரிய கும்பினிப் படை காஞ்சீபுரத்தில் இருந்தது. சுமார் 15 மைல் தூரம்தான். பீரங்கிச் சத்தம் அதன் காதில் விழுந்தது. ஆனாலும் அது மொத்தமாகக் கிளம்பி வரவில்லை.

ஏன் வரவில்லை?

இந்தக் கேள்விக்குச் சரித்திரப் புத்தகங்களில் பல பதில்கள் இருக்கின்றன. நாம் வேறொரு வழியில் போகலாம். அந்தச் சண்டையைத் தரையில் பரப்பி, ஆடிப் பார்க்கலாம். மேல்நாடுகளில் ஈயப் பொம்மைச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு பெரியவர்களே இப்படி ஆடுகிறார்கள். ஒரே சண்டையைப் பல சட்டங்களில் ஆடி, எந்தச் சட்டம் உண்மைக்குக் கிட்டத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள். நமக்கு ஈயப் பொம்மை வேண்டாம். புளியங்கொட்டை போதும்.

யார் யார்?

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம்.

மைசூர் ஹைதர் அலி 1780 ஜூலையில் பெரும் படையோடு மலை இறங்கி வந்தார். எண்பதாயிரத்துக்குக் குறையாது என்று ஆங்கிலேயர்கள் கணக்குச் சொன்னார்கள். அவர் ஆற்காட்டை முற்றுகை போட்டார். சென்னையில் கும்பினித் தளபதி ஜெனரல் ஹெக்டர் மன்றோ. (தீவுத் திடலில் குதிரை மேல் இருக்கும் மன்றோ வேறு. அவர் தாமஸ் மன்றோ. அந்தச் சமயம் அவர் இந்தப் படையில் ஒரு சின்னப் பையன்.) ஹெக்டர் மன்றோ கோழை அல்ல. 1764-ல் பக்சார் சண்டையில் ஜெயித்தவர். அவர் ஐயாயிரத்துக்குச் சற்று அதிகமான ஆட்களுடன் ஆகஸ்டு கடைசியில் காஞ்சீபுரம் வந்து சேர்ந்தார்.

குண்டூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு படை தெற்கே வந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைவர் கர்னல் பெய்லி. சுமார் 2,800 பேர். பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். காஞ்சீபுரத்தில் மன்றோவுடன் சேரவேண்டும் என்பது உத்தரவு.

பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் இல்லை. "நாளைக்குக் கடக்கலாம்" என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். அன்று இரவு மழை! காலையில் ஆறு கரை புரண்டு ஓடியது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஹைதர் தம் மகன் திப்புவைச் சுமார் 10,000 பேருடன் அனுப்பிவிட்டார்.

பேரம்பாக்கத்தில் 6-ந் தேதி நடந்த சண்டையில் பெய்லி திப்புவைத் தடுத்து நின்றார். ஆனால் மேலே நகர முடியவில்லை. "நீங்கள்தான் வரவேண்டும்" என்று மன்றோவுக்குச் சொல்லி அனுப்பினார். மன்றோ தாம் போகாமல், கர்னல் பிளெச்சர் என்பவருடன் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். பிளெச்சர் 9-ந் தேதி போய்ச் சேர்ந்தார். அன்று இரவே இருவரும் காஞ்சீபுரத்துக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் பெய்லி படையை நிறுத்தி ஓய்வு கொடுத்தார். விடிந்தால் நாலு பக்கமும் மைசூர்ப் படை. திப்பு மட்டும் அல்ல, ஹைதரே வந்துவிட்டார். மைசூர்க்காரர்களின் இரும்பு வாணங்கள் சீறிப் பாய்ந்தன. கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. சுமார் 3,800 பேரில் கொஞ்சம் பேர்தான் உயிரோடு சிறைப்பட்டார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிலேயே 1782-ல் இறந்தார். இந்தச் சண்டையைத் திப்பு அங்குள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய சித்திரமாகத் தீட்டச் செய்தார். இன்றும் போய்ப் பார்க்கலாம். காயம்பட்ட பெய்லி அதில் பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

களம் தயார்

ஒரு பெரிய தாளை விரியுங்கள். கீழே காஞ்சீபுரம் என்று எழுதுங்கள். மூன்று சாண் தள்ளி, மேலே வலது பக்கம் பேரம்பாக்கம். இரண்டுக்கும் நடுவே புள்ளலூர். பேரம்பாக்கத்துக்கு மேலே கொசஸ்தலை ஆறு. ஒரு சாண் ஐந்து மைல். ஒரு புளியங்கொட்டை 200 சிப்பாய்.

மன்றோவுக்கு 26 கொட்டை. பெய்லிக்கு 14. மைசூருக்குக் காராமணி வைத்துக்கொள்ளலாம். திப்புவுக்கு 50. ஹைதருக்கு எண்ண வேண்டாம், ஒரு படி அள்ளி வையுங்கள்!

ஒரு முறை நகர்த்துவது அரை நாள் பயணம். அரை நாளில் பீரங்கி இழுத்துக்கொண்டு ஒரு சாண் போகலாம். குதிரைப் படை இரண்டு சாண் போகலாம். 6-ந் தேதி காலையில் தொடங்கி 10-ந் தேதி மாலை வரை பத்து ஆட்டம்.

இனி, எந்தச் சட்டத்தில் ஆடுவது?

நமக்குத் தெரிந்த சட்டம் ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு பக்கமும் சமம் இல்லை என்பது இதில் அழகு. புலிக்குத் தாண்டும் பலம், ஆட்டுக்குக் கூட்ட பலம். போரும் அப்படித்தானே? ஆகவே ஆடுபுலி முறையிலேயே ஆடிப் பாருங்கள். நீ ஒரு தரம், நான் ஒரு தரம். எல்லாக் காயும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

என்ன ஆகும்? மன்றோவுக்கு ஆடுகிற பையன் முதல் ஆட்டத்திலேயே காஞ்சீபுரத்தை விட்டுக் கிளம்புவான். பெய்லிக்கு ஆடுகிற அண்ணனோ எதிரே வருவான். நடுவழியில் இரு படையும் கை கோத்துவிடும். புள்ளலூர்ச் சண்டையே நடக்காது! "மன்றோ எவ்வளவு பெரிய முட்டாள்!" என்று வீடே சிரிக்கும்.

சரித்திரப் புத்தகம் படித்துவிட்டு நாமும் அப்படித்தான் சிரிக்கிறோம். புத்தகத்திலும் எல்லாக் காயும் கண்ணுக்குத் தெரிகின்றன அல்லவா?

வேடிக்கை பாருங்கள். புள்ளலூர்ச் சண்டை நடந்த அதே 1780-ல்தான், ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்ற கணக்கு வாத்தியார் சதுரங்கத்தை மாற்றி ஒரு போர் ஆட்டம் செய்து வெளியிட்டார். ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கட்டங்கள். மலைக்கு ஒரு நிறம், தண்ணீருக்கு ஒரு நிறம். அதிலும் இதே குறைதான். எல்லாம் வெளிச்சம்.

வெல்ஸ் துரையின் திரை

1913-ல் எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் பொம்மைச் சிப்பாய்களுக்கு ஒரு சட்டப் புத்தகம் எழுதினார். செவ்வாய்க் கிரகத்து மனிதர்கள் பூமிக்கு வரும் கதை எழுதினாரே, அவர்தான். தரையில் மரக்கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுவார். வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே சுடுவார். எந்தப் பொம்மை விழுகிறதோ அது செத்தது. பகடையே கிடையாது. பீரங்கிப் பக்கத்தில் குறைந்தது நான்கு சிப்பாய் இருந்தால்தான் சுடலாம். காலாள் ஒரு அடி, குதிரை இரண்டு அடி. ஒவ்வொரு தரத்துக்கும் கடிகாரம் வைத்து நேரம். குழந்தைகளுக்கு இதைவிடக் குஷியான சட்டம் இல்லை.

அவர் செய்த ஒரு காரியம் நமக்கு உதவும். ஆட்டம் தொடங்கும் முன் நடுவே ஒரு திரை கட்டுவார். இரு பக்கத்தாரும் மறைவாகப் படையை அடுக்கிய பிறகு திரையை விலக்குவார். ஆனால் திரை விலகியதும் மறுபடி எல்லாம் வெளிச்சம்தான். ஆரம்பத்தில் ஒரு திகைப்பு, அவ்வளவே. மன்றோவுக்கோ நான்கு நாளும் திரை விலகவே இல்லை.

பகடை மேல் பழி

பிற்காலச் சட்டங்களில் ஒன்றையும் பார்ப்போம். 2009-ல் இங்கிலாந்தில் வெளியான பிளாக் பௌடர் என்ற சட்டத்தில் ஒரு புதுமை உண்டு. தளபதிக்கு ஆடுபவர் உத்தரவை வாய் விட்டுச் சொல்லவேண்டும். பிறகு இரண்டு பகடை உருட்டவேண்டும். எண் சாதகமாக விழுந்தால் படை நகரும். மிகவும் சாதகமாக விழுந்தால் மூன்று மடங்கு நகரும். சரியாக விழாவிட்டால் உத்தரவு போட்டும் படை நின்ற இடத்திலேயே நிற்கும்.

வேலைத்தலத்தில் மேஸ்திரியாக இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சொன்னதெல்லாம் நடந்துவிடுமா?

இந்தச் சட்டத்தில் புள்ளலூரை ஆடினால், மன்றோ காஞ்சீபுரத்தில் அசையாமல் நிற்பதும் உண்டு. பார்வைக்கு உண்மைபோல இருக்கும். ஆனால் எனக்கு இது திருப்தி இல்லை. பகடை விழவில்லை, அதனால் மன்றோ போகவில்லை என்றால் யார் மேல் குற்றம்? பகடை மேல்! மன்றோ உத்தரவு போட்டு, படை கேட்காமல் இருந்ததா? இல்லையே. அவர் யோசித்து, போகவேண்டாம் என்று முடிவு செய்தார். ஒரு மனிதனின் முடிவை அதிர்ஷ்டத்தில் தள்ளிவிடுகிற சட்டம் ஆட்டத்துக்கு நல்லது. கேள்விக்கு நல்லதல்ல.

பகடை வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கொசஸ்தலை ஆறு. ஆட்டத்தை ஆகஸ்டு 25-லிருந்து தொடங்கி ஆடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வரும். மழை வரும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், பெய்லிக்கு ஆடுபவர் முதல் நாள் மாலையே ஆற்றைக் கடந்துவிடுவார். கதை தெரிந்தவனுக்கு ஏது மழை? ஆகவே ஒவ்வொரு இரவும் ஒரு பகடை போடுங்கள். ஒன்று விழுந்தால் வெள்ளம். அப்போதுதான் களைத்த படையை அன்று மாலையே ஆற்றில் இறக்குவதா, தூங்கவிடுவதா என்று பெய்லியைப் போலவே கை நடுங்கும்.

நடுவர் சட்டம்

இப்போது எனக்குப் பிடித்த சட்டத்துக்கு வருவோம்.

பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்று ஒரு குடும்பம். தகப்பனார் 1812-ல் ஒரு மேஜைப் போர் ஆட்டம் செய்து அரசருக்குக் கொடுத்தார். மகன் ராணுவ அதிகாரி. அவர் அதைத் திருத்தி, 1824-ல் சட்டமாக அச்சிட்டார். மேஜை மேல் சாதாரண நிலப்படம். சிவப்பும் நீலமுமாகச் சிறு கட்டைகள். ஒரு தரம் என்பது இரண்டு நிமிஷப் போர். இவையெல்லாம் விவரங்கள். முக்கியமான விஷயம் நடுவர்.

இரு பக்கத்தாரும் உத்தரவைத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். எல்லாப் படையும் எங்கே இருக்கிறது என்று நடுவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்தார் கண்ணுக்கு எட்டிய எதிரியை மட்டுமே அவர் படத்தில் வைப்பார். மற்றது இருட்டு. பிரஷ்ய ராணுவத் தலைமை அதிகாரி முதலில் அசட்டையாகத்தான் பார்த்தாராம். ஆடி முடிந்ததும் இது விளையாட்டு அல்ல, போருக்கே பயிற்சி என்று வியந்து, ராணுவம் முழுவதுக்கும் சிபாரிசு செய்தார்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே யோசனை உயிர் காத்தது. 1942-ல் லிவர்பூல் துறைமுகத்தில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி, இளம் பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தரையில் கடல் வரைந்தார். கப்பல் தலைவர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, சிறு துவாரம் வழியாக மட்டும் பார்க்க விட்டார். நீர்மூழ்கிக் கப்பல் எங்கே இருந்து தாக்குகிறது என்பதை அந்தத் தரையில் ஆடித்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்தச் சட்டத்தில் புள்ளலூரை ஆட வீட்டில் நான்கு பேர் வேண்டும். மன்றோ சமையலறையில். பெய்லி திண்ணையில். ஹைதர் கூடத்தில். நடுவர் யார்? பாட்டியைவிடச் சிறந்த நடுவர் கிடையாது. இரு பக்கமும் தாட்சண்யம் இல்லாமல் பேசக்கூடியவர்.

பாட்டி சமையலறைக்குப் போய் இவ்வளவுதான் சொல்லவேண்டும்: "வடகிழக்கே பீரங்கிச் சத்தம் கேக்குது. ரொம்ப நேரமாக் கேக்குது." பிறகு வந்துவிட வேண்டும். யார் ஜெயிக்கிறார்கள்? எத்தனை பேர்? சொல்லக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் மன்றோவின் காதில் போடவேண்டும். காஞ்சீபுரத்தில் கோயிலுக்குள் அரிசியும் பெரிய பீரங்கிகளும் இருக்கின்றன. கையிருப்பு அதிகம் இல்லை. படை மொத்தமும் கிளம்பினால் ஹைதர் வந்து அள்ளிக்கொண்டு போவார். அரிசி போனால், நாள் ஒன்றுக்கு இரண்டு கொட்டை நீக்கிவிட வேண்டும். இது நம் வீட்டுச் சட்டம். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது பையன் சிரிக்கமாட்டான். தட்டு முன்னால் உட்கார்ந்து யோசிப்பான். போனால் அரிசி போகும். போகாவிட்டால் பெய்லி போவார். ஹைதர் எங்கே இருக்கிறார்? நடுவழியில் பதுங்கி இருந்தால்? சரி, கொஞ்சம் பேரை மட்டும் அனுப்புவோம், அரிசியும் இருக்கும், உதவியும் போகும்! பிளெச்சரை அனுப்பிய மன்றோவின் முடிவுக்கே பையனும் வந்து நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். புத்திசாலித்தனமாகத் தோன்றும் முடிவு அது. ஆனால் ஐந்து கொட்டை அனுப்பியதால் பெய்லி தப்பவில்லை. அந்த ஐந்தும் சேர்ந்து போயிற்று.

ஒற்றர் சட்டம்

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருக்கிறது. ரைஸ்விட்ஸ் சட்டத்தில் இருட்டு இரு பக்கமும் சமம். புள்ளலூரில் சமம் இல்லை.

ஹைதரின் குதிரைகள் நாடெங்கும் திரிந்தன. அவருடைய ஹர்காராக்கள், அதாவது செய்தி கொண்டு ஓடும் ஒற்றர்கள், கும்பினி முகாம் வரைக்கும் இருந்தார்கள். வழிகாட்ட வந்தவர்களே ஹைதரின் ஆட்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு சாட்சி உண்டு. பிளெச்சர் தம் வழிகாட்டிகளை நம்பவில்லை. இரவில், அவர்கள் சொன்ன வழியை விட்டு வேறு வழியில் போனார். அந்த நாட்களில் ஹைதரிடம் மாட்டாமல் போய்ச் சேர்ந்த படை அது ஒன்றுதான்.

ஆகவே சட்டத்தில் ஒரு வரி கூட்டுங்கள். ஹைதருக்கு ஆடுபவர் நடுவர் பக்கத்திலேயே உட்காரலாம். எல்லாவற்றையும் பார்க்கலாம். மன்றோவும் பெய்லியும் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதலாம். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் பகடை போடவேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் சீட்டு ஹைதர் கைக்குப் போகும். உத்தரவை எழுதாமல், இரவில் மட்டும் நகரும் படை ஹைதர் கண்ணிலிருந்தும் மறையும்.

இப்படி ஆடினால் ஹைதரின் வெற்றி எங்கே இருந்தது என்று தெரியும். ஒரு படி காராமணியில் அல்ல. 6-ந் தேதி 50 காராமணி 14 கொட்டையை ஒன்றும் செய்ய முடியவில்லையே! யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, இரண்டு படையும் சேரும் முன் ஒன்றன் மேல் மட்டும் விழுந்தார். வாணமும் வெடித்த வண்டியும் அதற்குப் பிறகு வந்தவை.

அப்படியானால் மன்றோ நிரபராதியா? அப்படியும் சொல்வதற்கில்லை. கண் கட்டியிருந்தது உண்மை. காது கட்டவில்லை. 6-ந் தேதி கேட்ட சத்தத்துக்கு 10-ந் தேதிதான் அவர் முழுப் படையோடு கிளம்பினார். கிளம்பியும் வழி தவறி, காயம்பட்ட ஒரு சிப்பாய் எதிரே வந்து சொன்ன பிறகே எல்லாம் முடிந்தது தெரிந்தது. திரும்பி ஓடும் அவசரத்தில், எந்தப் பீரங்கிகளுக்காகக் காவல் இருந்தாரோ அவற்றையே கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனார்.

வீட்டில் ஆடும்போது, மன்றோ எந்தத் தேதியில் கிளம்பினால் பெய்லி தப்புகிறார் என்று தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆளை மாற்றி ஆடுங்கள். பையன் ஒரு தரம், அம்மா ஒரு தரம். சமையலறையில் உட்கார்ந்து அரிசிக் கணக்குப் பார்ப்பதில் அம்மா மன்றோவை மிஞ்சிவிடலாம்.

புள்ளலூரோடு கதை தீரவில்லை. அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்டு 27-ந் தேதி, அதே ஊரில் மறுபடி சண்டை. இம்முறை கும்பினிக்கு ஐயர் கூட் என்ற கிழத் தளபதி. போன வருஷம் ஜெயித்த இடம், அதிர்ஷ்டமான இடம் என்றே ஹைதர் அங்கே நின்றதாக எழுதியிருக்கிறார்கள். பொழுது சாயும் வரை சண்டை நடந்தது. முடிவில் ஜெயித்தது நாங்கள்தான் என்று இரு பக்கமும் சொல்லிக்கொண்டன. அன்று மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் இன்றும் புள்ளலூரில் நிற்கின்றன. அந்தச் சண்டைக்கு ஒற்றர் சட்டம் அவ்வளவு தேவைப்படாது. நேருக்கு நேர் மோதல். வெல்ஸ் துரையின் சட்டமே போதும். கூட்டிடம் சுமார் 11,000 பேர் இருந்தார்கள். கொட்டை 55 எடுத்து வையுங்கள்.